நூற்றுப் பதினேழாவது அட்டை

காலை பத்து இருபதுக்கு மின்சாரம் போனது. கொசப்பாளையத்து விசைத்தறிகள் ஒரே நேரத்தில் நின்றன. ராஜவேலுவின் கடையில் பாடிக்கொண்டிருந்த அமெரிக்கக்காரியும் பாதி வரியில் நின்றாள்.

"நல்ல வேளை," என்றாள் ஹேமலதா. "இன்னும் ரெண்டு நிமிஷம் பாடியிருந்தா, நா எதுனா ஒரு குத்தத்த ஒத்துகினு இருப்பேன்."

ரங்கசாமி சிரிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற ஏட்டு. மூன்று வருடமாகப் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவனம் என்றால் அவரும் ஹேமலதாவும் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டியும். ஹேமலதா முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் வந்து அதை மூடியது. மிச்சம் இருந்த ஒரு மெஷினோடு அவரிடம் சேர்ந்துகொண்டாள். மெஷினைப் போலவே அவளுக்கும் சத்தம் அதிகம்.

"கேட்டியா ரங்கா?" என்றார் ராஜவேலு. "மூணாவது பாட்டு. நடுவுல மூணு டிக்கு."

"கேட்டேன்."

"அது பாட்டு இல்ல. புயல்."

ராஜவேலு இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். 1967இல் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில், தேவாலய வாசலில் அந்தப் பெண்ணே நின்று விற்றுக்கொண்டிருந்த இசைத்தட்டை வாங்கினார். பெயர் ஓரா மே டில்லர்ட். முந்நூறு தட்டுதான் போட்டார்களாம். திரும்பும் வழியில் கப்பல் ஆடி, ஊசி இழுத்து, மூன்றாவது பாட்டில் மூன்று கீறல் விழுந்தது. ஊருக்கு வந்து ரெக்கார்டிங் கடை வைத்தபோது எல்லாப் பாட்டையும் கேசட்டில் ஏற்றி விற்றார். அதை மட்டும் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் போடுவார். வேண்டியவர்கள் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

1995 ஆடியில் அது காணாமல் போனது.

இப்போது 2004. சென்னையில் வேலை பார்க்கும் தங்கை மகன் ஒரு சி.டி. கொண்டுவந்து தந்திருக்கிறான். அதே பாட்டுகள், அதே பெண். 'ஸோல், ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பொன்னெழுத்தில் போட்டு, முப்பத்தேழு வருடம் கழித்து மறுவெளியீடு. மூலநாடா தீயில் போய்விட்டதாம். உலகத்திலேயே மிஞ்சியிருந்த ஒரு தட்டிலிருந்து எடுத்தார்களாம். எவ்வளவு துடைத்தும் மூன்று டிக் மட்டும் போகவில்லையாம். உள்ளே இருந்த சிறு புத்தகம் அப்படிச் சொன்னது.

"தசரதன் எடுக்கல ரங்கா," என்றார் ராஜவேலு. "அவன் எடுத்திருந்தா செய்யாறுல வாட்ச்மேனா நின்னுகினு இருக்க மாட்டான். பதினோரு வருஷம் என் கடையில இருந்தவன். நா புகார் குடுத்தேன். நீ ஒத்துக்க வெச்சே. எடது காது அவனுக்கு இன்னும் சரியா கேக்கலியாம்."

ரங்கசாமி தன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

புகார் வந்த அன்று மாலைக்குள் தசரதன் ஒத்துக்கொண்டான். ஆனால் தட்டு எங்கே என்று அவனால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் ராஜவேலு புகாரைத் திரும்பப் பெற்றார். தசரதன் கடைக்கு வரவில்லை. ஊரிலேயே இருக்கவில்லை.

"சொல்லி அனுப்புனேன். மன்னிப்பு கேக்கணும், வாடான்னு. அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'எடுத்தது யாருன்னு பேரு சொல்லுங்க, வர்றேன்'னான். சொல்றேன்னுட்டேன். இன்னிக்கி நாலு மணி பஸ்ல வர்றான்." ராஜவேலு குரலைத் தணித்தார். "அன்னிக்கி நீதான கண்டுபுடிச்சே. தப்பா கண்டுபுடிச்சே. இப்ப சரியா கண்டுபுடிச்சிக் குடு. ஓசில."

"ரிப்பேருக்கு வந்த பொருள் மாதிரி சொல்றாரு சார்," என்றாள் ஹேமலதா.

"அப்படித்தான்," என்றார் ரங்கசாமி.

சி.டி.யின் சிறு புத்தகத்தை அவள் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு பக்கம் முழுக்கப் பழைய உறையின் புகைப்படம். ஓரா மே டில்லர்ட் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இடது ஓரம் நெடுக ஒரு பழுப்பு அட்டைப் பட்டை. அதில் வரிசை வரிசையாகத் துளை. வெள்ளை நூலால் தைத்திருந்தது.

"கீழ இங்கிலீஷ்ல போட்டிருக்கான் கேளுங்க. 'மூல உறையின் விளிம்பில் காணப்படும் துளை வேலைப்பாடு அக்காலத்து அழகுணர்ச்சிக்குச் சான்று.'"

ராஜவேலு எட்டிப் பார்த்தார். "என் உறையில ஓட்டையே இல்லியே."

ஹேமலதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆரணியில் பிறந்த குழந்தைக்கும் அது என்னவென்று தெரியும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் சங்கிலியாகத் தொங்குகிற டிசைன் அட்டை. குறுக்கே ஒரு இழை ஓட ஒரு அட்டை. துளை இருக்கிற இடத்தில் நெடுக ஓடும் பாவு நூலைத் தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. அப்படி ஒவ்வொரு அட்டையாகத் திரும்பித் திரும்பித்தான் முந்தானையில் மயில் வரும், மாங்காய் வரும்.

"அமெரிக்காக்காரன் நம்ம ஊரு அட்டைய அழகுணர்ச்சின்னு அச்சடிச்சி உலகம் பூரா அனுப்பிட்டான் சார். திருடன் கைநாட்டு வெச்சிட்டுப் போயிருக்கான்."

"திருடன் தைப்பானா?" என்றார் ரங்கசாமி.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"உறை கிழிஞ்சிருக்கு. எடுத்தவன் அதைச் சரி பண்ணியிருக்கான். விக்கறவன் பண்ணமாட்டான். திருப்பிக் குடுக்கறவன்தான் பண்ணுவான்."

ராஜவேலு கடிகாரத்தைப் பார்த்தார்.

*

வண்டியை ஹேமலதா ஓட்டினாள். ரங்கசாமி பின்னால் உட்கார்ந்து புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கி எத்தினி அறை?"

"ரெண்டு."

"ரெண்டுக்கே காது போச்சா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஓட்டினாள். அருணகிரிசத்திரம் திருப்பத்தில் மட்டும், "நா சும்மா கேட்டேன் சார்," என்றாள்.

அட்டை வெட்டுகிற பச்சையப்பன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மின்சாரம் இல்லாவிட்டாலும் அவருக்கு வேலை ஓடும். உளி, சுத்தி, எதிரே கட்டம் போட்ட டிசைன் தாள். நாற்பது வருடமாக ஆரணியின் பாதித் தறிகளுக்கு அட்டை வெட்டிக் கொடுத்தவர்.

"வா ஏட்டு. யார் வூட்ல இன்னா காணோம்?"

ஹேமலதா புத்தகத்தை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"இது இன்னாம்மா, நம்ம அட்டை வெளிநாட்டுக்காரிக்குப் பக்கத்துல நிக்கிது?"

"கல்யாண போட்டோ தாத்தா. எந்தக் குடும்பம்னு சொல்லுங்க."

"நம்பர் எங்க? அட்டை முனையில மையில போட்டிருப்பேன்." குனிந்து பார்த்தார். "முனைய வெட்டிட்டான் பாவி. உறைக்கு நீளம் அதிகம்னு வெட்டியிருக்கான். ரெண்டு ஒண்ணு மட்டும் தெரியிது. மூணாவது எழுத்து போயிடுச்சி."

"அப்ப நூத்திப் பத்துலேர்ந்து நூத்திப் பத்தொம்பதுக்குள்ள," என்றாள் ஹேமலதா. "பத்து அட்டைதான் சார். ஊர்ல ஆயிரம் டிசைன். பத்தாயிரம் அட்டைய நாலு மணிக்குள்ள பாத்துடலாம். நீங்க மேல் தெரு, நா கீழ் தெரு."

பச்சையப்பன் அவளைக் கவனிக்கவில்லை. உளி முனையால் படத்தின் மீது துளை துளையாக நகர்ந்துகொண்டிருந்தார். உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இருந்தது.

"மயில் இல்ல. மாங்கா இல்ல. ரெண்டு ஓரமும் ஒண்ணுக்கொண்ணு பாக்குது. நடுவுல வளைஞ்சி மேல போவுது…" நிமிர்ந்தார். "தும்பிக்கை. யாளி வாயில தும்பிக்கை சுத்தற எடம். நூத்திப் பதினேழு."

"நிச்சயமா?"

"நா வெட்னது ஏட்டு. உன் கையெழுத்து உனக்குத் தெரியாதா? இந்த ரெட்டை யாளி ஒரே ஒரு தறிக்குத்தான் வெட்டினேன். படவேட்டுல ஒரு கல்யாணத்துக்குக் கேட்டாங்கன்னு." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "இந்த அட்டைய ரெண்டு வாட்டி வெட்டினேன். தொண்ணூத்தஞ்சி ஆடி மாசம். திங்கக்கெழம. காலங்காத்தால வந்து நின்னான். நூத்திப் பதினேழு மட்டும் போயிடுச்சி, எலி கடிச்சிடுச்சின்னான். எலி ஒரு அட்டைய மட்டும் பொறுக்கிக் கடிக்குமாடான்னு கேட்டேன். அழுவற மாதிரி ஆயிட்டான். வெட்டிக் குடுத்து அனுப்பிட்டேன்."

"ஓடற தறியிலேர்ந்து எவனாவது அட்டைய உருவுவானா தாத்தா? வேலை நின்னுடுமே?"

"கழிவு அட்டை கையில இல்லாதவன் உருவுவான். விடியறதுக்குள்ள எதையோ ஒட்டவேண்டியவன் உருவுவான்."

ரங்கசாமி கேட்டார்: "யார் தறி?"

பச்சையப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அவருடைய குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"தெரியாமதான் கேக்கறியா? உன் மச்சான். லோகநாதன்."

*

லோகநாதன், ரங்கசாமியின் மனைவி தேவகியின் ஒரே தம்பி.

வண்டியை எடுக்கும் முன் ஹேமலதா கொஞ்ச நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நா போயி பேசிட்டு வரட்டா சார்? நீங்க வூட்டுக்குப் போயி சாப்புடுங்க."

"எடு வண்டிய."

லோகநாதன் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தான். கைத்தறி. மின்சாரம் வந்தாலும் போனாலும் ஒன்றுதான். மாமாவைக் கண்டதும் எழுந்தான். புத்தகத்தைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் தொட்டான். ஓரா மே டில்லர்ட்டைத் தொடவில்லை. தையலைத்தான் தொட்டான்.

"வந்துடுச்சா," என்றான்.

"சொல்லு."

"ஞாயித்துக்கெழம எடுத்தேன் மாமா. தசரதன் டீ குடிக்கப் போயிருந்தான். போளூர்ல ஒருத்தன் ரெக்கார்டுலேர்ந்து கேசட்டுக்கு ஏத்திக் குடுப்பான். ராஜவேலு அண்ணன்கிட்ட எத்தினியோ வாட்டி கேட்டேன். அது யாவாரத்துக்கு இல்லன்னுட்டாரு. காலையில வெச்சிடலாம்னு எடுத்தேன்."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா லோகு?" என்றாள் ஹேமலதா.

"தெரியாதுக்கா. அப்ப என் பொஞ்சாதி கன்னியம்மா கோச்சிகினு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டிருந்தா. தப்பு என்னுதுதான். அந்தப் பாட்டு இன்னான்னு புரியல. ஆனா பாடறவங்க தப்பு பண்ணிட்டு வாசல்ல நிக்கறாங்க, அது புரிஞ்சிது. வூட்ல போட்டுக் கேக்கணும்னு இருந்துச்சி."

போளூர் பஸ் கூட்டத்தில் உறை முதுகு கிழிந்தது. விடிவதற்குள் அட்டையை உருவி, அட்டை கோக்கிற நூலாலேயே தைத்தான். எட்டு மணிக்குக் கடைக்குக் கொண்டுபோனான். தசரதனை அதற்குள் அழைத்துப் போயிருந்தார்கள்.

"அப்புறம் பயந்துட்டே. வெச்சிகினே."

"வெச்சிக்கல மாமா. ஸ்டேஷனுக்கு வந்தேன்."

தறிக்கு மேலே அட்டைச் சங்கிலி காற்றில் லேசாக அசைந்தது.

"எப்ப?"

"பத்து மணி இருக்கும். வேட்டியில சுத்தி எடுத்தாந்தேன். உங்க மேஜை மேல வெச்சேன். 'மாமா'ன்னேன். அவ்ளோதான் சொன்னேன். நீங்க நிமிந்து, 'கேஸ் முடிஞ்சிடுச்சி லோகு. அவன் ஒத்துகினான், கையெழுத்தும் போட்டுட்டான். இத எடுத்துகினு வூட்டுக்குப் போ, அக்காகிட்டகூட பேசாத'ன்னீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"சொன்னீங்க மாமா. நா கேஸப் பத்தி வாயே தொறக்கல. நீங்கதான் சொன்னீங்க."

ரங்கசாமி நினைத்துப் பார்த்தார். மேஜை நினைவு வந்தது. ஒரு றெக்கை வளைந்த மின்விசிறி நினைவு வந்தது. லோகு வந்தது நினைவில் இல்லை. இல்லை என்றுதான் ஒன்பது வருடமாக இருந்து வந்திருக்கிறார்.

"அக்கா தம்பின்னு காப்பாத்திவுட்டீங்கன்னு நெனச்சேன்," என்றான் லோகநாதன். "வருஷா வருஷம் தீவாளிக்கு அக்காவுக்குப் பட்டுப் பொடவ நெய்ஞ்சி குடுக்கறனே, இன்னாத்துக்குன்னு நெனச்சீங்க?"

தம்பிப் பாசம் என்று அவர் நினைத்திருந்தார். தேவகியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ஒன்பது புடவை. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறாள்.

"ரெக்கார்டு?" ஹேமலதாதான் கேட்டாள்.

"மூணு வருஷம் முன்னால தறிய போட்டோ புடிக்க ஒரு வெள்ளக்காரம்மா வந்தாங்க. பரண்ல இத பாத்துட்டு அழுதுட்டாங்க. 'எடுத்துகினு போயிடுங்கம்மா'ன்னு கும்புட்டுக் குடுத்தேன். வூட்ட வுட்டுப் போனா போதும்னு இருந்துச்சி. போனது பேசாம இருக்கல பாருங்க."

ஹேமலதா எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் நோட்டை மூடினாள். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அது அவருக்கு அறையைவிட மோசமாக இருந்தது.

"ஸ்டேஷனுக்கு வந்ததையும் சொல்லணும் சார்," என்றாள் கடைசியில்.

"பேருதான கேட்டான். பேரைச் சொல்றோம்."

*

நாலே காலுக்குத் தசரதன் வந்தான். காக்கிப் பேன்ட், கையில் சாப்பாட்டுப் பை. கடைக்குள் வந்தவன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, வலது காது அவர்கள் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. ரங்கசாமி கணக்குப் போட்டார். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது.

"வணக்கம் ஐயா," என்றான் ரங்கசாமியிடம். அந்த மரியாதையில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

ராஜவேலு ரங்கசாமியைப் பார்த்தார்.

ரங்கசாமி சொன்னார். மூன்று டிக்கிலிருந்து தொடங்கி, துளையிட்ட அட்டை, பச்சையப்பன் படித்த தும்பிக்கை, ஆடி மாதத்துத் திங்கட்கிழமை வரைக்கும் ஒழுங்காகச் சொன்னார். பேர் வந்தபோது குரல் தடுமாறவில்லை.

"என் மச்சான் லோகநாதன். வெளிய சைக்கிளுக்குப் பக்கத்துல நிக்கறான். திருப்பிக் குடுக்கணும்னுதான் எடுத்தான். முடியல. நீ எடுக்கல தசரதா. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். எங்க வேணும்னாலும் காட்டு."

ஹேமலதாவின் பேனா நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

ராஜவேலு அழுதார். எழுந்து தசரதனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுடா. கடை உன்னுது. நாளைக்கே வந்து தொற."

"அழாதீங்க மொதலாளி." தசரதன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "பேரு எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேவா? அப்ப ஏண்டா சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது மொதலாளி? ஏட்டு ஐயாகிட்டயா?"

வெளியே ஒரு பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டு போனது. தசரதன் அது போகும்வரை காத்திருந்தான். பிறகு நாற்காலியோடு ரங்கசாமி பக்கம் திரும்பினான்.

"பேரு கேட்டது, நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் ஐயா. சொல்லிட்டீங்க. அது பெரிசு. சொந்த மச்சான். ஆனா முழுசா சொல்லல."

ரங்கசாமியின் வலது கை மறுபடி சட்டைப் பைக்குள் போனது.

"அன்னிக்கி ஸ்டேஷன்ல நா செவுத்தோரம் ஒக்காந்துகினு இருந்தேன். உங்க மேஜை எனக்கு நேர் எதிர. லோகு மூட்டைய வெச்சான். நீங்க துணிய வெலக்கிப் பாத்தீங்க. அந்தத் தையல் மேல வெரல வெச்சீங்க. அப்பறம் மூடிட்டு என்னைத் திரும்பிப் பாத்தீங்க. நெனச்சேன், அப்பாடா, வந்துடுச்சி, வுட்டுடுவாங்கன்னு." அவன் குரல் உயரவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டான்னு அவன்கிட்ட சொல்லி அனுப்பினீங்க. நா அப்ப போடல. சாயங்காலம்தான் போட்டேன். லோகு வந்து போற வரைக்கும் நீங்க என் மேல கையே வெக்கல. அவன் போனப்பறம்தான ஐயா எழுந்து வந்து என்னை அறைஞ்சீங்க. அது எதுக்கு?"